கடுமையான மேலதிகாரியிடம் என்ன கற்கலாம்?



படிப்பை முடித்துக்கொண்டு முதன்முதலாக ஒரு வேலையில் அமரும் இளைஞருக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித்தராத பாடம் ஒன்று காத்திருக்கிறது. அதுதான் மேலதிகாரியோடு பழகும் பாடம். கணக்கைப் புத்தகத்தில் படித்துவிடலாம். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவதையும் பயிற்சியால் கற்றுக்கொள்ளலாம். ஆனால் காலையில் அலுவலகக் கதவைத் திறந்ததும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "அந்த வேலை முடிந்ததா?" என்று கேட்கும் ஒருவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை எந்தப் புத்தகமும் முழுமையாகச் சொல்லிவிடுவதில்லை.

நம்முடைய பெரியவர்கள் இதற்கு ஒரு பழமொழியை வைத்திருக்கிறார்கள். "அடியாத மாடு படியாது" என்பார்கள். தோட்டப்புறங்களில் கங்காணியின் அதட்டலையும் கிராணியின் கண்டிப்பையும் பார்த்து வளர்ந்த தலைமுறை, கடுமை இல்லாமல் வேலை நடக்காது என்று நம்பியதில் வியப்பில்லை. இன்றைய இளைஞர்களோ இதற்கு நேர்மாறாக, "அதட்டுகிறவரிடம் ஏன் வேலை செய்யவேண்டும்? வேறு இடம் பார்த்துக்கொண்டால் போயிற்று" என்கிறார்கள். இந்த இரண்டில் எது சரி? இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது, பாதி உண்மை இல்லை என்பதே நம்முடைய கருத்து. அதை வெறும் அறிவுரையாகச் சொல்லாமல், கணிப்பொறித் துறையின் தொடக்கக் காலத்தில் உண்மையாகவே நடந்த ஒரு வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

அந்த வரலாற்றில் இருவர் வருகிறார்கள். ஒருவர் ஹோவர்ட் ஐக்கன். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 1 என்ற மாபெரும் கணக்கிடும் இயந்திரத்தைத் திட்டமிட்டவர். மற்றவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். அந்த இயந்திரத்திற்கு நிரல் எழுதிய முதல் சிலருள் ஒருவர். முன்னவர் மேலதிகாரி, பின்னவர் அவருக்குக் கீழ் வேலை செய்தவர்.

முதலில் அம்மையாரைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அவர் 1906ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1934ஆம் ஆண்டு கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசர் என்னும் மகளிர் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, நாட்டுக்குத் தாமும் ஏதேனும் செய்யவேண்டும் என்று கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடிவிட்டது, உடல் எடையோ போதவில்லை. ஆயினும் விடாமல் முயன்று, 1943ஆம் ஆண்டின் இறுதியில் கடற்படையின் துணைப்பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதல் மாணவியாகத் தேறினார். கடற்படை அவரை ஹார்வர்டுக்கு அனுப்பியது. அங்கே அவர் போய்ச் சேர்ந்த நாள் 1944ஆம் ஆண்டு ஜூலை 2. அப்போது அவருக்கு வயது 37. கல்லூரியில் பேராசிரியராக இருந்து மதிப்புப் பெற்ற ஒருவர், புதிய துறையில் கடைசிப் படியில் நின்று மீண்டும் தொடங்கினார்.

ஐக்கனின் பின்னணியையும் பார்ப்போம். அவர் இளமையில் வறுமையை அறிந்தவர். பள்ளியில் படிக்கும்போதே இரவு முழுவதும் மின்சார நிலையத்தில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவர். பகலில் பள்ளி, இரவில் வேலை என்று வளர்ந்தவருக்குச் சோம்பலும் சாக்குப்போக்கும் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. பின்னர் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தபோது, கையால் போட்டு முடிக்க முடியாத நீண்ட கணக்குகள் அவருக்குத் தேவைப்பட்டன. அவற்றைத் தானே செய்யும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று 1937ஆம் ஆண்டில் திட்டம் தீட்டினார். ஐபிஎம் நிறுவனம் அதைக் கட்டித்தர இசைந்தது. 1944ஆம் ஆண்டில் அந்த இயந்திரம் ஹார்வர்டுக்கு வந்து, போர்க்காலத்தில் கடற்படையின் பொறுப்பில் இயங்கியது. ஐக்கனும் கடற்படை அதிகாரிதான். எனவே அந்த ஆய்வுக்கூடம் பாதி பல்கலைக்கழகம், பாதி போர்க்கப்பல் என்று சொல்லும்படி இருந்தது. சீருடை, வணக்கம், கட்டளை எல்லாம் உண்டு.

அந்த இயந்திரத்தை இன்றைய கணிப்பொறியைப் போல நினைத்துவிடக்கூடாது. அதன் நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை ஏறக்குறைய 5 டன். அதனுள் ஓடிய கம்பிகளின் நீளம் சுமார் 500 மைல். மின்மோட்டார் ஒன்று நீண்ட தண்டைச் சுழற்ற, சக்கரங்களும் ரிலேக்களும் கடகடவென்று ஓசையிட்டு வேலை செய்தன. இரண்டு எண்களைப் பெருக்க அதற்கு 6 வினாடி வேண்டும். வகுக்க ஏறக்குறைய 15 வினாடி வேண்டும். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி இதைக் கேட்டால் சிரிக்கும். ஆனால் அந்நாளில் மனிதர் பலர் மாதக்கணக்கில் செய்த வேலையை அது நாள்கணக்கில் முடித்தது.

இயந்திரத்திற்குக் கட்டளை கொடுப்பது காகித நாடாவில் துளையிட்டுத்தான். நாடாவின் ஒவ்வொரு வரியிலும் 24 துளைகளுக்கு இடம் உண்டு. எண்ணை எங்கிருந்து எடுக்கவேண்டும், எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், என்ன செய்யவேண்டும் என்ற மூன்றையும் அந்தத் துளைகள் சொல்லும். ஒரே ஒரு துளை இடம் மாறினால் முழுக் கணக்கும் பிழையாகிவிடும். நிரல் எழுதுதல் என்ற தொழிலுக்கு அப்போது பள்ளியும் இல்லை, பாடநூலும் இல்லை, முன்னோடிகளும் ஏறக்குறைய இல்லை. ஹாப்பர் அம்மையார் நுழைந்த உலகம் இதுதான்.

அவர் முதல் நாள் உள்ளே நுழைந்ததும் ஐக்கன் வரவேற்றுப் பேசவில்லை. இத்தனை நாளாக எங்கே போயிருந்தாய் என்றே கடிந்து கேட்டார். கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் இருந்தேன் என்று அம்மையார் சொன்னபோது, அதெல்லாம் உனக்குத் தேவையில்லை என்று ஏற்கெனவே மேலிடத்துக்குச் சொல்லியிருந்தேனே என்றார். பிறகு இயந்திரத்தைக் காட்டினார். கட்டளைக் குறியீடுகள் அடங்கிய ஏட்டைக் கொடுத்தார். கணிதத்தில் ஆர்க் டேன்ஜண்ட் என்னும் சார்புக்குரிய எண்கெழுக்களை வரும் வியாழக்கிழமைக்குள் கணக்கிட்டுத் தரவேண்டும் என்றார். இயந்திரத்தை அம்மையார் கண்ணால் பார்த்ததே அன்றுதான்!

நேயர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். இப்படி ஒரு கட்டளை வந்தால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வோம். "என்னால் முடியாது" என்று சொல்லி ஒதுங்குவோம். அல்லது தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டு தனியே உட்கார்ந்து திண்டாடுவோம். அம்மையார் இரண்டையும் செய்யவில்லை. அங்கே ஏற்கெனவே ராபர்ட் கேம்பெல், ரிச்சர்ட் பிளாக் என்ற இரண்டு இளைஞர்கள் நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருவரும் அவரைவிட வயதில் மிகவும் இளையவர்கள். நரைத்த தலையுடன் ஒரு வயதான ஆசிரியை வருகிறார் என்று கேள்விப்பட்டு, அவர் பக்கத்தில் உட்காராமல் தப்பிக்க வழி தேடினார்கள் என்று அம்மையாரே பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அந்த இளைஞர்களிடமே அவர் போய்ப் பாடம் கேட்டார். பேராசிரியர் என்ற பெருமையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டார்.

இதுவே முதல் பாடம். கடுமையான மேலதிகாரி ஒருவர் நம் தலையில் பெரிய வேலையை வைத்தால், அவருடைய முகத்தையே பார்த்துப் பயந்துகொண்டிருப்பதில் பயன் இல்லை. வேலையைப் பார்க்கவேண்டும். அந்த வேலையைத் தெரிந்தவர் யார் என்று தேடவேண்டும். அவர் நம்மைவிட இளையவராக இருந்தாலும் கேட்கவேண்டும். பிளாக் என்ற அந்த இளைஞர், மையினால் நிரல் எழுதி முதல் முறையிலேயே சரியாக வரச்செய்யும் திறமை படைத்தவர் என்று அம்மையார் பின்னர் மனந்திறந்து பாராட்டினார். தெரியாததைக் கேட்பதில் வெட்கப்பட்டிருந்தால் அந்தத் திறமையின் பயன் அவருக்குக் கிடைத்திருக்காது.

இரண்டாவது பாடம் இன்னும் சுவையானது. சில காலம் சென்றபின் ஐக்கன் அம்மையாரை அழைத்து, இந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதவேண்டும் என்றார். எனக்கு நூல் எழுதத் தெரியாதே என்றார் அம்மையார். நீ இப்போது கடற்படையில் இருக்கிறாய் என்பதே மறுமொழி. அதாவது, தெரியுமா தெரியாதா என்பது கேள்வியே இல்லை. செய்யவேண்டும் என்பது கட்டளை. அதோடு விடவில்லை. ஒவ்வொரு நாளும் எழுதிய பக்கங்களைத் தமக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும் என்றார். நாளொன்றுக்கு ஐந்து பக்கம் என்ற கணக்கில் அந்த வேலை நடந்தது. படிக்கும்போது எங்கே நாக்குத் தடுக்குகிறதோ, எங்கே கேட்பவர் முகம் சுளிக்கிறாரோ, அங்கே வாக்கியம் தெளிவாக இல்லை என்று பொருள். மறுபடியும் எழுதவேண்டும்.

இந்த உழைப்பின் பயனாக 1946ஆம் ஆண்டில், ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கையேடு ஒன்று ஹார்வர்டிலிருந்து வெளிவந்தது. ஆய்வுக்கூடத்தின் ஊழியர்கள் எழுதியது என்ற பொதுப்பெயரில் அது வெளிவந்தாலும், அதில் பெரும்பங்கு ஹாப்பர் அம்மையாருடையது. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது எப்படி என்று விளக்கிய மிகப் பழைய நூல்களுள் அது ஒன்று.

இன்று நிரல் எழுதும் இளைஞர் பலருக்கு விளக்கக்குறிப்பு எழுதுவது என்றால் வேப்பங்காய். "நிரல் ஓடுகிறதல்லவா, அதை ஏன் எழுதி விளக்கவேண்டும்?" என்பார்கள். ஆனால் நாம் செய்த வேலையை மற்றவர் புரிந்துகொள்ளும்படி எழுதத் தெரிந்தால்தான் அது முழுமையாக நமக்கே புரிந்திருக்கிறது என்று பொருள். கடுமையான மேலதிகாரிகள் பலர் நம்மிடம் வற்புறுத்திக் கேட்பது இதைத்தான். கேட்கும் முறை நமக்குக் கசக்கலாம். கேட்கும் பொருள் நமக்கு நன்மையானது. மருந்தின் கசப்பையும் மருந்தின் குணத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும்.

மூன்றாவது பாடம் பொறுப்பைப் பற்றியது. மார்க் 1 இரவும் பகலும் ஓயாமல் ஓடியது. போர்க்காலம், கணக்குகள் குவிந்துகொண்டிருந்தன. ஆய்வுக்கூடத்திற்குள் ஐக்கன் வந்தால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "எண்கள் வருகின்றனவா?" என்பதுதான். இயந்திரத்தின் ஓசை நின்றால் அவர் வந்து நிற்பார். ஏன் நின்றது, எப்போது சரியாகும் என்று கேட்பார். எனவே நிரல் எழுதியவர்கள் தாம் எழுதிய நிரலை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு ஒதுங்க முடியவில்லை. இயந்திரத்தின் உள்ளுறுப்புகளையும் ஓசையையும் பழுதுகளையும் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

பழுது ஏற்பட்டால் அதை நேரத்தோடு ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. அதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அதே குழுவினர் உருவாக்கிய மார்க் 2 என்ற இயந்திரத்தில் பழுது ஏற்பட்டது. தேடிப் பார்த்தால் ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கி இறந்துகிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டிவைத்து, உண்மையான பூச்சி ஒன்று அகப்பட்டது என்று எழுதினார்கள். பழுதைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் பொறியாளரிடையே அதற்கு முன்பே இருந்தது; அதனால்தான் அந்தக் குறிப்பில் நகைச்சுவை. பூச்சியைக் கண்டுபிடித்தவர் ஹாப்பர் அம்மையார் அல்லர். ஆனால் அந்தக் கதையை உலகெங்கும் பரப்பியவர் அவரே. பதிவேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது என்ன? பழுதை மறைக்காமல் பதிவு செய்தார்கள் என்பதே. மேலதிகாரி கண்டிப்பானவராக இருக்கும் இடத்தில்தான் தவறுகளை மறைக்கும் ஆசை அதிகமாக எழும். ஆனால் மறைத்த தவறு புதைத்த விதையைப் போன்றது. ஒருநாள் முளைத்தே தீரும். தவறு நேர்ந்த நேரம், அதன் காரணம், அதைத் திருத்திய முறை ஆகிய மூன்றையும் நாமே முதலில் சொல்லிவிட்டால், கோபப்படும் மேலதிகாரியும் அடுத்து என்ன என்று கேட்கத் தொடங்கிவிடுவார்.

நான்காவது பாடம், நெருக்கடியிலிருந்து பிறந்த ஒரு புதுமை. வேலை குவிந்து, நேரம் போதாதபோது, ஹாப்பரும் பிளாக்கும் கேம்பெல்லும் ஒரு வழி கண்டார்கள். சரியாக வேலை செய்த நிரல் பகுதிகளைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார்கள். ஒருவருக்குத் தேவையான பகுதி மற்றவர் ஏட்டில் இருந்தால் கேட்டு வாங்கிப் படியெடுத்துக்கொண்டார்கள். துணை நிரல் என்று இன்று நாம் சொல்லும் கருத்து அந்தக் குறிப்பேடுகளில் வேர்விட்டது. ஆனால் கையால் படியெடுக்கும்போது பிழைகள் நேர்ந்தன. மனிதர் எழுதப் பிழை வருகிறதென்றால், அந்தப் படியெடுக்கும் வேலையை இயந்திரத்திடமே ஏன் கொடுக்கக்கூடாது? இந்த எண்ணம் அம்மையாரின் மனத்தில் வளர்ந்து, 1952ஆம் ஆண்டில் ஏ-0 என்ற முறையாக உருப்பெற்றது. கம்பைலர் என்று சொல்லப்படும் தொகுப்பிகளின் வரிசையில் அது முன்னோடி. பிறகு ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுதும் ஃப்ளோமேட்டிக் என்ற மொழியை அவருடைய குழு உருவாக்கியது. 1959ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்ட கோபால் மொழிக்கு அதுவே முக்கியமான அடிப்படையாயிற்று. வங்கிகளும் அரசாங்க அலுவலகங்களும் உலகெங்கும் கோபாலில் கணக்கெழுதின.

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் கடுமையே நல்லது, ஐக்கனைப் போன்றவர்களே நமக்கு வேண்டும்" என்று நேயர்கள் முடிவுக்கு வந்துவிடக்கூடாது. நாணயத்திற்கு மறுபக்கம் உண்டு. அதையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும்.

மார்க் 1 இயந்திரத்தின் தொடக்கவிழா 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் நடந்தது. அதையொட்டிச் செய்தித்தாள்களுக்குக் கொடுக்கப்பட்ட அறிக்கையில், இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஐக்கன் என்றே கூறப்பட்டது. அதை உண்மையில் வடிவமைத்துக் கட்டி முடித்த ஐபிஎம் பொறியாளர்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை. கிளேர் லேக், ஃபிராங்க் ஹாமில்டன், பெஞ்சமின் டர்ஃபி ஆகிய பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் அதற்காக உழைத்திருந்தார்கள். ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் பெருங்கோபம் கொண்டார். விழாவுக்கே வரமாட்டேன் என்று சொல்லும் அளவுக்குச் சென்றது. விழா ஒருவாறு நடந்து முடிந்தது. ஆனால் உறவு முறிந்தது. ஐக்கன் அடுத்த இயந்திரங்களை ஐபிஎம் துணையின்றியே கட்டினார்; ஐபிஎம் தன் வழியில் தனியே சென்றது.

பிறருடைய உழைப்புக்கு உரிய பெயரைக் கொடுக்க மனமில்லாமை, தன் கருத்துக்கு மாறாகப் பேசுபவரைப் பொறுக்காமை ஆகிய குறைகள் திறமையான மேலதிகாரியிடமும் இருக்கலாம். அவற்றை அவருடைய திறமையோடு சேர்த்து நாம் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரிப்பதாகக் கதை சொல்வார்கள். கீழே வேலை செய்பவருக்கு அந்தப் பறவையின் குணம் வேண்டும்.

இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. கட்டளை போடுகிறவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 1944ஆம் ஆண்டில் ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை ஒரு சிக்கலான கணக்குடன் ஹார்வர்டுக்கு வந்தார். பிளாக் அதற்கு நிரல் எழுதினார். அது அணுகுண்டு ஆராய்ச்சிக்குரிய கணக்கு என்பது அங்கிருந்த நிரலாளர்களுக்கு அப்போது சொல்லப்படவில்லை. 1945ஆம் ஆண்டில் ஜப்பானின் இரு நகரங்கள் அழிந்தபின்னரே உலகம் அந்த ஆயுதத்தை அறிந்தது. போர்க்கால இரகசியம் வேறு. நம் அன்றாட அலுவலகம் வேறு. ஆயினும், நாம் எழுதும் நிரல் எதற்குப் பயன்படப்போகிறது என்று கேட்கும் உரிமையும் கடமையும் சாதாரண காலத்தில் நமக்கு உண்டு. எண்கள் வருகின்றனவா என்ற கேள்வியோடு, அந்த எண்கள் எங்கே போகின்றன என்ற கேள்வியும் நல்ல தொழிலாளியின் மனத்தில் இருக்கவேண்டும்.

அப்படியானால் கடுமையான மேலதிகாரி ஒருவரிடம் தொடர்ந்து இருப்பதா, விலகுவதா என்பதை எப்படி முடிவுசெய்வது? மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: அவருடைய கடுமை வேலையின் மேலா, ஆளின் மேலா? "இந்தக் கணக்கு தவறு" என்பது வேலையின் மேல் உள்ள கடுமை. "நீ எதற்கும் உதவாதவன்" என்பது ஆளின் மேல் உள்ள கடுமை. முன்னது வளர்க்கும், பின்னது வாட்டும்.

இரண்டாவது கேள்வி: அவர் தமக்கும் அதே அளவுகோலை வைத்திருக்கிறாரா? ஐக்கன் பிறரை உறங்கவிடவில்லை என்றால் தாமும் உறங்கவில்லை. பகல் முழுதும் குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு மற்றவரை மட்டும் நடுநிசிவரை இருக்கச் சொல்பவர் இந்த வகையில் சேரமாட்டார்.

மூன்றாவது கேள்வி: நல்ல வேலையைக் கண்டால் அவர் மனம் மாறுகிறாரா? ஒரு பெண் அதிகாரி தம்முடைய ஆய்வுக்கூடத்திற்கு வருவதை ஐக்கன் தொடக்கத்தில் விரும்பவில்லை. ஆனால் அம்மையாரின் வேலையைப் பார்த்தபின் அவரை நம்பிப் பெரிய பொறுப்புகளைக் கொடுத்தார். தவறான எண்ணத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்த கடுமையில் நீதி இருக்கிறது. எவ்வளவு உழைத்தாலும் சாதியை, இனத்தை, பாலை, பிறந்த இடத்தைக் காட்டியே ஒருவரைத் தாழ்த்தும் மேலதிகாரியிடம் கற்க எதுவும் இல்லை. அவரைப் பற்றி உரிய இடத்தில் முறையிடவேண்டும். அதற்கும் பயன் இல்லையென்றால் விலகவேண்டும். அங்கே பொறுமை காப்பது பெருமை ஆகாது.

அம்மையாரும் 1949ஆம் ஆண்டில் ஹார்வர்டை விட்டு விலகினார். அவருடைய தற்காலிகப் பதவியின் காலம் முடிந்திருந்தது. அந்நாளில் ஹார்வர்டில் பெண்களுக்கு நிரந்தரப் பதவி கிடைப்பது மிக அரிது. ஃபிலடெல்ஃபியா நகரில் எக்கர்ட், மாக்லி என்ற இருவர் நடத்திய சிறிய கணிப்பொறி நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார். அவருடைய பெரும் சாதனைகள் எல்லாம் அதன் பிறகுதான் நிகழ்ந்தன. ஒரு குருவிடம் கற்கவேண்டியதைக் கற்றபின் வேறு வாசல் தேடிப் போவது நன்றிகெட்ட செயல் அன்று. அம்மையார் ஐக்கனைப் பற்றிப் பிற்காலத்திலும் மதிப்போடுதான் பேசினார்.

ஐக்கனிடம் வேறு பலரும் பயின்றார்கள். ஏ.பி.எல். என்ற கணிப்பொறி மொழியை உருவாக்கிய கென்னத் ஐவர்சன், ஐபிஎம் 360 வரிசைக் கணிப்பொறிகளின் ஆக்கத்தை முன்னின்று நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் ஆகியோர் அவருடைய மாணவர்களே. ஆகவே அவருடைய பட்டறையிலிருந்து பல கூர்மையான கருவிகள் வந்தன என்பதை மறுக்க முடியாது.

இனி, நம்முடைய வரலாற்றின் மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். கடுமையான மேலதிகாரியிடம் வளர்ந்த ஒருவர் தாமே மேலதிகாரி ஆகும்போது என்ன செய்கிறார்? மாமியாரிடம் பட்ட மருமகள், தான் மாமியாரானதும் அதே பாட்டைப் பாடுவதை நாம் கேட்டிருக்கிறோம். "நான் பட்டேன், நீயும் படு" என்பது உலக வழக்கம். அலுவலகங்களிலும் இந்த வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

ஹாப்பர் அம்மையார் அந்தச் சங்கிலியை அறுத்தார். வேலையின் தரத்தில் ஐக்கனின் கண்டிப்பை வைத்துக்கொண்டார். மனிதரிடம் பேசும் முறையில் தம் சொந்த வழியை வகுத்துக்கொண்டார். இளைஞர்களைப் பயிற்றுவதையே தம் வாழ்வின் பெரிய பணியாகக் கருதினார். "எப்போதும் இப்படித்தான் செய்து வருகிறோம்" என்ற பேச்சை அவர் ஏற்பதில்லை. அதை நினைவூட்டுவதற்காகவே தம் அலுவலகத்தில் பின்னோக்கி ஓடும் கடிகாரம் ஒன்றை மாட்டிவைத்திருந்தார். பழகிவிட்டால் அதிலும் மணி பார்க்கலாம் என்பது அவர் காட்டிய உண்மை.

அவர் பாடம் நடத்திய முறைக்கு இன்னொரு சான்று. நானோ வினாடி என்பது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதை எப்படி மனத்தில் பதியவைப்பது? அம்மையார் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித்துண்டுகளை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார். ஒரு நானோ வினாடியில் மின்துடிப்பு செல்லக்கூடிய மிகக்கூடிய தூரம் இவ்வளவுதான் என்றார். வேகமான கணிப்பொறி ஏன் சிறியதாக இருக்கவேண்டும் என்பது அந்தக் கம்பித்துண்டைக் கையில் பிடித்தவர்களுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கடற்படைத் தளபதிகளுக்கும் அதே கம்பித்துண்டுதான், கல்லூரி மாணவர்களுக்கும் அதே கம்பித்துண்டுதான்.

வயது காரணமாகக் கடற்படை அவரை 1966ஆம் ஆண்டில் ஓய்வில் அனுப்பியது. அடுத்த ஆண்டே மீண்டும் அழைத்துக்கொண்டது. 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் என்னும் உயர்பதவியோடு ஓய்வுபெற்றார். 1992ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்தார். ஐக்கன் அதற்கு முன்பே, 1973ஆம் ஆண்டில் மறைந்துவிட்டார்.

நேயர்களே! முதல் வேலையில் சேர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். மேலதிகாரியின் குரலைக் கேட்காதீர்கள்; அந்தக் குரல் என்ன கேட்கிறது என்பதைக் கேளுங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். செய்ததை எழுதிவையுங்கள். தவறை நீங்களே முதலில் சொல்லுங்கள். வேலையைக் கண்டிப்பவரிடம் பொறுமையாக இருங்கள். ஆளைச் சிறுமைப்படுத்துபவரிடம் அடங்கிக்கிடக்காதீர்கள்.

மேலதிகாரிகளாக இருக்கும் நேயர்களுக்கும் ஒரு சொல் உண்டு. திருக்குறளில் வெருவந்த செய்யாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆட்சி செய்பவன் ஓங்கும்போது வன்மையாகத் தோன்றினாலும், தண்டனை விழும்போது மென்மையாக விழவேண்டும், அப்போதுதான் அவனுடைய ஆக்கம் நெடுநாள் நிலைக்கும் என்ற கருத்தை வள்ளுவர் அங்கே சொல்கிறார். அரசனுக்குச் சொன்னது அலுவலகத் தலைவருக்கும் பொருந்தும். உங்களுக்குக் கீழே இன்று நடுங்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளை நாளை உங்கள் நாற்காலியில் உட்காரப்போகிறது. உங்களிடமிருந்து வேலையின் ஒழுங்கை எடுத்துக்கொண்டு போகிறதா, அதட்டும் குரலை எடுத்துக்கொண்டு போகிறதா என்பது, நாள்தோறும் நீங்கள் அந்தப் பிள்ளையிடம் பேசும் பேச்சைப் பொறுத்தது.